ஜூன் 1 முதல் 14 வரை

சாரின் வீட்டுக்கு எதிரே என்னுடைய ஜெராக்ஸ் கடை. குமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்திலிருந்து கடற்கரைக்கு இறங்குகிற சாலைகளில் ஒன்று. எந்தச் சாலை என்று சொன்னால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு, ஆனால் அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. “எம்எல்ஏ சாருக்க வீட்டுக்கு எதிர்ல உள்ள கடை” என்பதுதான் ஊர் வைத்த பெயர். அவர் எம்எல்ஏவாக இருந்தது ஒரே ஒரு முறை. பதவி போய்ப் பல வருடம் ஆயிற்று. இருந்தாலும் காலை ஏழு மணிக்குப் போனால் அவர் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பேராவது கையில் காகிதத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். அரசியலுக்கு வருவதற்கு முன் அவர் கணக்கு வாத்தியார். எனக்கு ஒன்பதாம் வகுப்பில் அல்ஜீப்ரா எடுத்தவர். அதனால் இன்றைக்கும் ‘சார்’தான்.

இதை எழுதப் போகிறேன் என்றதும் ஒரே நிபந்தனை போட்டார்: பெயர், கட்சி, தொகுதி மூன்றும் வரக் கூடாது. “பேரு போட்டா பாதி ஆளு வாசிக்காது, மீதி ஆளு சண்டைக்கு வரும் மக்களே.” சரி என்றேன்.

மனுவை எழுதுவது நான், சிவப்புப் பேனாவால் திருத்துவது அவர். நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் தண்ணீர் கேட்டு மட்டும் எத்தனை மனு தட்டச்சு செய்திருப்பேன் என்று கணக்கில்லை. 2004இல் கேரளம் தண்ணீரை நிறுத்தியது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, விளவங்கோடு தாலுகாவில் அந்தத் தண்ணீரை நம்பிய வயலெல்லாம் வாழையும் ரப்பருமாக மாறியது. மனுவின் முதல் பத்தியை நான் இப்போது பார்க்காமலே அடிப்பேன். அப்புறம் தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து வள்ளம் கவிழ்கிற மனு. கடலரிப்புக்குத் தூண்டில் வளைவு கேட்கிற மனு. தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் சர்வே நம்பர் மாட்டிக்கொண்டதால் மகள் கல்யாணத்துக்குப் பத்து சென்ட் விளையை விற்க முடியாதவரின் மனு. ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியின் சம்பள பாக்கி. சானல் கரையில் எரியாத தெருவிளக்கு. இதில் பாதிக்கு எம்எல்ஏவிடமே அதிகாரம் கிடையாது, முன்னாள் எம்எல்ஏவிடம் எப்படி இருக்கும்? ஆனால் எங்கே போக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். மனுவை எந்த மேசைக்கு அனுப்பினால் எத்தனை நாளில் “பரிசீலனையில் உள்ளது” என்று பதில் வரும் என்பதுகூடத் தெரியும்.

எம்எல்ஏவின் தொகுதி மேம்பாட்டு நிதி இப்போது ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். “ரெண்டரை லெட்சம் வோட்டருன்னு வை. தலைக்கு 120 ரூவா. ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு நாலு சாயா, நாலு பழம்பொரி” என்பார். எங்கள் பக்கத்து விலைவாசிக்கு அந்தக் கணக்கும் இப்போது கொஞ்சம் இடிக்கும்.

இந்த மனுக்களுக்கெல்லாம் தனித்தனிக் கோப்பு உண்டு. ஒரு விஷயத்துக்கு மட்டும் கோப்பு கிடையாது, நோட்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற 192 பக்க நோட்டு, அட்டையில் ‘வோட்டு’ என்று எழுதியிருக்கும். யாராவது வாக்கு சம்பந்தமாகக் குறை சொன்னால் மனு எழுதுவதற்கு முன்னால் அந்த நோட்டில் ஒரு வரி ஏறும். ஏன் சார் அதற்கு மட்டும் தனி நோட்டு என்று ஒருமுறை கேட்டேன். “ரோடு, தண்ணி, லைட்டு எல்லாம் குறை. வோட்டு, குறை சொல்லுக வாய். வாயிலயே புண்ணு வந்தா?” வாத்தியார்கள் இப்படித்தான், பேசுவதையும் கரும்பலகையில் எழுதுகிற மாதிரியே பேசுவார்கள். ஆனால் நோட்டைப் புரட்டியபோது விஷயம் அவர் சொன்னதைவிடச் சிக்கலாகத்தான் இருந்தது.

2019 ஏப்ரலில், மக்களவைத் தேர்தலுக்குச் சில நாள் முன்பு, கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு அம்மா வந்தார். கையில் இரண்டு பூத் சிலிப். ஒன்று அவருடையது. இன்னொன்று மகனுடையது. மகன் 2017 நவம்பர் கடைசியில், ஒக்கிப் புயல் அடித்தபோது கடலில் இருந்தவர். திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. காணாமல் போனவர் இறந்துவிட்டதாகக் கருத சட்டம் ஏழு வருடம் காத்திருக்கச் சொல்லும். ஒக்கிக்கு அரசு அந்தக் காத்திருப்பைத் தளர்த்தி நிவாரணமும் கொடுத்துவிட்டது. ஆனால் வாக்காளர் பட்டியலுக்கு அந்தச் செய்தி போகவில்லை. பட்டியல் தானாக எதையும் தெரிந்துகொள்ளாது, யாராவது பெயர் நீக்கத்துக்கான படிவம் 7 கொடுக்க வேண்டும்.

நான் படிவம் 7ஐ எடுத்து நிரப்ப ஆரம்பித்தேன். அந்த அம்மா கையைப் பிடித்துத் தடுத்தார்.

“அதுக்கு வரல்ல மக்களே. எனக்க மவனுக்க பேருல வேற எவனும் போய் குத்திரப்பிடாது. அதைச் சொல்லத்தான் வந்தேன். பேரு அங்க கெடக்கட்டு.”

பெயரை எடுத்துவிட்டால் கள்ள வோட்டுப் பயமே இல்லையே என்று நான் விளக்கப் போனேன். சார் கண்ணைக் காட்டினார், நிறுத்திக்கொண்டேன். அந்த ஊர்ப் பூத்தில் உட்காரப் போகிற எல்லாக் கட்சி ஏஜெண்டுகளின் நம்பரையும் தேடிப் பிடித்து, ஒவ்வொருவரிடமும் வரிசை எண்ணைச் சொல்லி, “இது ஒக்கியில போன ஆளு, பாத்துக்கணும்” என்றார். நோட்டில் அன்றைக்கு ஏறிய வரி: ‘பேர் நீக்கம் வேண்டாம். பாதுகாப்பு வேண்டும்.’ இப்படி ஒரு கோரிக்கைக்கு எந்தப் படிவமும் கிடையாது.

கடல்காரர்களின் வோட்டுதான் அந்த நோட்டில் அதிகப் பக்கம் பிடித்திருக்கிறது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை பக்கத்து ஆட்கள் தங்கு கடல் போகிறவர்கள். கொச்சி தோப்பும்படியிலிருந்து விசைப்படகில் ஏறினால் முப்பது நாள், நாற்பது நாள் கழித்துத்தான் கரை. எல்லையில் நிற்கிற ராணுவ வீரருக்குத் தபால் வாக்கை மின்னணு வழியில் அனுப்புகிறார்கள். 85 வயது தாண்டியவருக்கும் நாற்பது சதவீதத்துக்கு மேல் ஊனமுற்றவருக்கும் வீட்டுக்கே பெட்டி வருகிறது. தேர்தல் நாளில் வேலையில் இருக்கிற அத்தியாவசியப் பணியாளருக்கும் வழி இருக்கிறது. மீனவரை அந்த அத்தியாவசியப் பட்டியலில் சேர்த்தால் என்ன என்று சார் எழுதிய மனுவை நானே மூன்று முறை பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

பிறகு அவரே அந்த மனுவில் ஓட்டை கண்டுபிடித்தார். தபால் வாக்குச்சீட்டு அச்சடிக்க வேண்டுமென்றால் வேட்பாளர் பட்டியல் இறுதியாக வேண்டும். அது இறுதியாவது வாக்குப்பதிவுக்கு இரண்டு, இரண்டரை வாரம் முன்னால். படகு அதற்கும் முன்னால் போய்விடும். யார் நிற்கிறார்கள் என்றே தெரியாத நாளில் கடலுக்குப் போனவருக்கு எந்தச் சீட்டைக் கொடுப்பது?

வாத்தியாரைப் பிடித்த கணக்கு லேசில் விடாது. ஒருநாள் பழைய கல்யாணக் கார்டு ஒன்றின் பின்பக்கம் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு கடல் இருப்பதால் மீன்பிடித் தடைக்காலமும் இரண்டு. கன்னியாகுமரி, சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல் முதல் நீரோடி வரை மேற்குக் கணக்கு: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. 2019இல் வாக்குப்பதிவு ஏப்ரல் 18, 2024இல் ஏப்ரல் 19. இரண்டு தடவையும் சின்னமுட்டத்து விசைப்படகுகள் கட்டிக் கிடந்தன, ஆட்கள் வீட்டில் இருந்தார்கள். அதே நாளில் மேற்கே ஆட்கள் கடலில். ஒரே மாவட்டம், ஒரே மக்களவைத் தொகுதி. ஒருவருக்கு வோட்டு தற்செயலாகக் கிடைத்தது, இன்னொருவருக்குத் தற்செயலாகப் போனது.

“ரெண்டு பக்கமும் படகு கெட்டிக் கெடக்குக நாளு எது?” என்று கார்டை என் பக்கம் திருப்பினார். ஜூன் 1 முதல் 14 வரை. வருடத்தில் பதினான்கே நாள். அந்தப் பதினான்கு நாளில்தான் பள்ளிக்கூடம் திறக்கும், பூத் எல்லாம் பள்ளிக்கூடம். அந்தப் பதினான்கு நாளில்தான் மழையும் பிடிக்கும். அதோடு தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் ஆயுள் மே மாதத்திலேயே முடிந்துவிடும். கார்டை மடித்து நோட்டுக்குள் வைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

வெளியூரில் இருப்பவர் இருந்த இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்க ஒரு இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் கொண்டுவந்தது, 2023 ஜனவரி 16 அன்று தில்லியில் கட்சிகளுக்குக் காட்டியது. ஒரு பூத்திலிருந்தே 72 தொகுதிக்கு வோட்டுப் போடலாம். சாருக்கு அன்றைக்குப் பெரிய சந்தோஷம். தோப்பும்படியில் ஒன்று வைத்தால் போதுமே, கரைக்கு வந்த படகுக்காரராவது போட்டுவிடுவார் என்றார். பல கட்சிகள் ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய கட்சிக்கும் அதில் சந்தேகம் இருந்தது. அது நியாயமான சந்தேகம்தான் என்று அவரே பிறகு ஒப்புக்கொண்டார். கொச்சியில் வைத்த பெட்டிக்குப் பக்கத்தில் யார் ஏஜெண்டாக உட்காருவது? சின்னக் கட்சி ஆள் எங்கே போவான்?

வளைகுடா நாட்டில் இருப்பவர்களின் கதை இதைவிடச் சுருக்கம். படிவம் 6ஏ நிரப்பினால் வெளிநாடு வாழ் வாக்காளராகப் பெயர் சேர்க்கலாம். ஆனால் வோட்டுப் போடுவதற்கு அசல் பாஸ்போர்ட்டோடு ஊர்ப் பூத்துக்கு வந்து நிற்க வேண்டும். தம்மாமிலிருந்து டிக்கெட் போட்டு யார் வருவார்? பதிலாள் மூலம் வாக்களிக்க வழி செய்கிற மசோதா 2018இல் மக்களவையில் நிறைவேறியது, மாநிலங்களவையில் நிறைவேறுவதற்குள் மக்களவையின் ஆயுள் முடிந்து காலாவதியானது. என் கடையில் 6ஏ கேட்டு வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

பணப்பட்டுவாடா பற்றியும் நோட்டில் இருக்கிறது, ஆனால் குறைவாக. எங்கள் மாவட்டத்தில் காசு வேலை செய்யாது என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. காசு பிடிக்காத இடத்தை இங்கே வேறு சில விஷயங்கள் பிடித்துக்கொள்கின்றன. அது என்ன என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஏழு ஆறான கதைக்கு வருகிறேன். சாரிடம் இதைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் போய்விடும்.

குமரி மாவட்டத்துக்கு முன்பு ஏழு சட்டமன்றத் தொகுதிகள். 2008 தொகுதி மறுவரையறையில் திருவட்டாறு போனது, ஆறானது. 2009இல் மக்களவைத் தொகுதியின் பெயரும் நாகர்கோவில் என்பதிலிருந்து கன்னியாகுமரி ஆனது. அது பெயர் மாற்றம், இது ஆள் குறைப்பு. எந்தச் சதியும் இல்லை, வெறும் வகுத்தல் கணக்கு. சார் போட்டுக் காட்டியதை அப்படியே தருகிறேன். 1971 மக்கள்தொகைப்படி தமிழ்நாடு 4.12 கோடி, அதை 234 தொகுதிக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 1.76 லட்சம். நம் மாவட்டம் 12.22 லட்சம். வகுத்தால் 6.94, அதாவது ஏழு. 2001இல் தமிழ்நாடு 6.24 கோடி, தொகுதிக்கு 2.67 லட்சம். நம் மாவட்டம் 16.76 லட்சம். வகுத்தால் 6.28. ஆறு.

முப்பது வருடத்தில் தமிழ்நாடு 51 சதவீதம் பெருகியது, குமரி 37 சதவீதம்தான் பெருகியது. பெண்கள் படித்தார்கள், பிள்ளைகள் குறைந்தார்கள், ஆஸ்பத்திரிகள் இருந்தன. அதற்குக் கிடைத்தது ஒரு எம்எல்ஏ குறைவு.

2025 மார்ச் 22 அன்று சென்னையில் தொகுதி மறுவரையறைக்கு எதிராகப் பல மாநிலத் தலைவர்கள் கூடியதை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலத்துக்குத் தண்டனையா என்று எல்லாரும் கேட்டார்கள். சரியான கேள்வி. தமிழ்நாடு 1967இலேயே இரண்டு எம்.பி. இடத்தை இழந்த மாநிலம், 41 இருந்தது 39 ஆனது. சார் சத்தத்தைக் குறைத்துவிட்டு, “இந்தச் சோறு நாம 2008லயே தின்னாச்சு” என்றார். தில்லியிடம் தமிழ்நாடு கேட்கிற கேள்வியை, தமிழ்நாட்டுக்குள் குமரி மாவட்டமும் கேட்டிருக்கலாம். கேட்டோமா? பெரிதாகக் கேட்கவில்லை. திருவட்டாற்றில் கொஞ்சம் சத்தம் வந்தது, அடங்கியது. 2019இல் திருவட்டாறுக்குத் தாலுகா அலுவலகம் கிடைத்தது. சான்றிதழ் வாங்கத் தூரம் போக வேண்டாம் என்று மக்களுக்குச் சந்தோஷம், நியாயம்தான். எம்எல்ஏ போய்த் தாசில்தார் வந்தார்.

அப்போது ஒரு எம்எல்ஏவால் என்ன செய்திருக்க முடியும்? இதுதான் நான் தெரிந்துகொள்ள விரும்பியது. மறுவரையறை ஆணையத்தோடு ஒரு மாநிலத்திலிருந்து ஐந்து எம்.பி.க்களும் ஐந்து எம்எல்ஏக்களும் இணை உறுப்பினர்களாக உட்காரலாம். கருத்துச் சொல்லலாம். ஆணையத்தின் முடிவில் வாக்களிக்க முடியாது, கையெழுத்துப் போட முடியாது. மற்ற எம்எல்ஏக்கள் பொதுமக்களைப் போல ஆட்சேப மனு அனுப்பலாம். ஆணை வந்துவிட்டால் கோர்ட்டுக்குப் போவதும் லேசில்லை, அரசியல் சாசனத்தின் 329ஆம் பிரிவு கதவை ஏறக்குறையச் சாத்தி வைத்திருக்கிறது. சார் ஒரு மனு அனுப்பினார். அப்போது பதவியில் இருந்தாரா இல்லையா என்பதும் நிபந்தனைக்குள் வருகிறது. மனுவின் நகல் என்னிடம் இருக்கிறது. அதில் நிலப்பரப்பு, மலை, காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகள், பேச்சிப்பாறைக்கு மேலே போக்குவரத்து எல்லாம் இருந்தது. 6.28க்கு முன்னால் அதெல்லாம் நிற்கவில்லை.

இந்த மாவட்டத்துக்குத் தேர்தல் புதிதல்ல. திருவிதாங்கூரில் 1888இலேயே சட்டசபை வந்தது, எட்டுப் பேர், எல்லாரும் நியமனம். வயது வந்த எல்லாருக்கும் வோட்டு என்று முதலில் நடந்த தேர்தல் 1948இல். அதில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 14 இடம் பிடித்தது. அதன் பிறகுதான் தாய்த்தமிழகத்தோடு சேரும் போராட்டம் வேகம் பிடித்தது, 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு, 1956 நவம்பர் 1இல் இணைப்பு. வோட்டை வைத்து எல்லையையே நகர்த்திய ஆட்கள், எல்லைக்குள் ஒரு தொகுதி போனபோது பேசாமல் இருந்தோம் என்பது எனக்கு இன்னும் புரியாத விஷயம்.

ஒரே நேரத்தில் இரண்டு தேர்தல் நடத்துவது பற்றி இப்போது பெரிய விவாதம், 2024 டிசம்பரில் மசோதாவே வந்துவிட்டது. எங்களுக்கு அது பழக்கம். 2021 ஏப்ரல் 6 அன்று சட்டமன்றத் தேர்தலோடு, எச். வசந்தகுமார் மறைந்ததால் வந்த மக்களவை இடைத்தேர்தலும் மாவட்டம் முழுக்க நடந்தது. 2024இல் எம்எல்ஏ கட்சி மாறிப் பதவி விலகியதால், மக்களவைத் தேர்தலோடு விளவங்கோட்டுக்கு மட்டும் சட்டமன்ற இடைத்தேர்தல். பூத்தில் இரண்டு பெட்டி. எனக்கு முன்னால் நின்ற பாட்டி ஒருவர் முதல் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். அதிகாரி திருப்பி அழைத்து “இன்னொண்ணு உண்டு பாட்டி” என்றதும், “ஒரு ஆளுக்குப் போட்டாச்சே, அவன் ரெண்டையும் பாக்கமாட்டானா?” என்றார். கூட்டாட்சி பற்றி நான் வாசித்த கட்டுரைகள் எல்லாம் அந்தக் கேள்வியில் கொஞ்சம் ஆட்டம் கண்டன.

எம்எல்ஏவுக்கு உண்மையிலேயே கைக்கெட்டுகிற தேர்தல் ஒன்று உண்டு, உள்ளாட்சித் தேர்தல். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் விதிகளைத் தொட்டால் ‘அது நாடாளுமன்றம், தேர்தல் ஆணையம்’ என்று பேச்சு முடிந்துவிடும். ஆனால் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 சட்டமன்றம் போட்ட சட்டம், சட்டமன்றமே மாற்றலாம். மாற்றியும் இருக்கிறார்கள். நகரங்களுக்கான சட்டத்திலும் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பதா என்று மாற்றி மாற்றி எத்தனை திருத்தம்! மாற்ற முடியாதவற்றில் ஒன்று: ஐந்து வருடத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியல் சாசனம் சொல்வது. அதைத்தான் மீறுகிறோம். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 2019 டிசம்பர் வரை தனி அலுவலர்கள். வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று நாலு நிறச் சீட்டில் அந்த டிசம்பரில் குத்தினோம். 2025 ஜனவரி 5உடன் அந்த ஐந்து வருடமும் முடிந்தது, மறுபடியும் தனி அலுவலர்கள். மாவட்டத்தின் 95 ஊராட்சிகளிலும், ‘மெம்பரே, எங்க வீட்டு முன்னால லைட்டு எரியல்ல’ என்று கேட்க மெம்பர் இல்லாமல் போனார்.

அந்த மாதத்திலிருந்து சாரின் திண்ணையில் கூட்டம் கூடியதை நான் கடையிலிருந்தே பார்த்தேன். தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், சாக்கடை அடைப்பு. ஏன் சார், நீங்கள் எல்லாம் சேர்ந்து அப்போதே சட்டசபையில் இதற்கு ஒரு வழி செய்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். கேட்ட பிறகு கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. அவர் மறைக்கவில்லை.

“செய்திருக்கலாம். ஆனா ஒண்ணு சொல்லுகேன் கேளு. பஞ்சாயத்துத் தலைவரு பலமா இருந்தா எம்எல்ஏவுக்குத் தலைவலி. அவன் இல்லைன்னா லைட்டுக்கும் நாந்தான், பைப்புக்கும் நாந்தான். எவனுக்குப் பிடிக்காது அது?”

தன்னைச் சேர்த்துத்தான் சொன்னார். இதனால்தான் அவரிடம் எனக்கு மரியாதை குறையவில்லை என்று நினைக்கிறேன்.

2022இல் முதலமைச்சர் ஒவ்வொரு எம்எல்ஏவுக்கும் கடிதம் எழுதி, தொகுதியின் முதல் பத்துக் கோரிக்கைகளைக் கேட்டார். பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்த ஒருவர் சாரிடமும் யோசனை கேட்க வந்தார். பாலம், துறைமுகம், கால்வாய், கல்லூரி, ஆஸ்பத்திரிக் கட்டடம் என்று பத்தும் நிறைந்துவிட்டது. சார் நோட்டை எடுத்தார், இரண்டு பக்கம் புரட்டினார், திரும்ப வைத்தார். “பதினொண்ணாவது கேட்டா வா” என்று சொல்லி அனுப்பினார்.

2025 நவம்பர் 4 முதல் வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தம் வந்தது. வீட்டுக்கு வீடு பிஎல்ஓ (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வந்து பெயர் அச்சிட்ட கணக்கீட்டுப் படிவம் கொடுத்தார்கள். பழைய தீவிரத் திருத்தப் பட்டியலில், அதாவது 2002 அல்லது 2005 பட்டியலில், உங்கள் பெயரோ பெற்றோர் பெயரோ எந்தத் தொகுதியில், எந்த பாகத்தில், எந்த வரிசையில் இருந்தது என்று நிரப்ப வேண்டும். என் கடையில் ஒரு மாதம் திருவிழா. ராத்திரி பதினொரு மணி வரை கம்ப்யூட்டரில் பழைய பட்டியல் தேடினேன்.

அங்கேதான் திருவட்டாறு திரும்பி வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் பத்மநாபபுரம் என்று தேடிப் பார்த்துப் பெயர் இல்லை என்று பதறினார்கள். 2008க்கு முந்தைய பட்டியலில் அவர்கள் ஊர் திருவட்டாறு தொகுதியில் அல்லவா இருக்கும்? போன தொகுதியின் பெயரைச் சொன்னால்தான் இருக்கிற தொகுதியில் பெயர் நிற்கும். சாரை அழைத்து இதைக் காட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ரொம்ப நாளைக்குப் பிறகு.

இன்னொரு கூட்டம், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கமிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள். அவர்களுடைய அப்பா அம்மா பெயர் கேரளத்தின் 2002 பட்டியலில், மலையாளத்தில். எனக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. மார்த்தாண்டம் சந்தையில் மரச்சீனி விற்கிற பாட்டி ஒருவர் அந்தக் காலத்தில் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். மூன்று நாள் என் கடையில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஸ்கிரீனில் பெயர் வாசித்துக் கொடுத்தார். கூலி வாங்க மாட்டேன் என்றார், சாயா மட்டும் குடித்தார்.

டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வந்தபோது தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. இறந்தவர், இடம் மாறியவர், இரண்டு இடத்தில் இருந்தவர், கண்டுபிடிக்க முடியாதவர். எடுக்க வேண்டிய பெயர் இதில் நிறைய உண்டு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. இதே பட்டியலில் இறந்துபோன என் சொந்தச் சித்தப்பாவே 2024 வரை உயிரோடு இருந்தார். ஆனால் பிஎல்ஓ வந்த மூன்று தடவையும் கடலில் இருந்தவர் எந்த வகை? ‘இல்லை’ என்று எழுதுவது சுலபம். அப்படி விட்டுப்போன ஆறேழு பேருக்குப் படிவம் 6 நிரப்பினோம். பட்டியலில் பல வருடம் இருந்தவரைப் புதிய வாக்காளராகச் சேர்க்கிற படிவம்.

ஒக்கி அம்மா நவம்பரிலேயே வந்திருந்தார். கொஞ்சம் கூன் விழுந்திருந்தது. இந்த முறையும் கையில் இரண்டு காகிதம், அவருக்கும் மகனுக்கும் பெயர் அச்சடித்து வந்த இரண்டு கணக்கீட்டுப் படிவம். எட்டு வருடமாக யாரும் படிவம் 7 கொடுக்கவில்லை, அதனால் பெயர் அங்கேயே கிடந்தது. மகனுடையதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி பிஎல்ஓ கேட்டிருக்கிறார், பாவம், அவருக்கு வேறு வழியில்லை.

“கொடுத்திருவேன்” என்றார் அந்த அம்மா. “எனக்குள்ளதை எழுதித் தா.”

அவருடைய பழைய விவரத்துக்காக 2002 பட்டியலைத் திறந்தேன். பிடிஎஃப் மங்கலாக இருந்தது, பெரிதாக்கித் தேடினேன். வீட்டு எண்ணுக்கு நேரே மூன்று வரி. கணவர், அவர், அப்போது இருபத்து மூன்று வயதான மகன். பாக எண்ணையும் வரிசை எண்ணையும் அவருடைய படிவத்தில் எழுதினேன். சரிபார்க்க அந்தப் பக்கத்தை ஒரு பிரிண்ட் எடுத்தேன்.

அவருக்கு வாசிக்கத் தெரியாது. எந்த வரி என்று கேட்டார், விரலை வைத்துக் காட்டினேன்.

“இதுல ஒண்ணு எனக்குத் தருவியா?” என்றார். இன்னொரு பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். லேமினேஷன் செய்தால் எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.